எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? சார்ட்டர் சரக்கு விமானிகளின் களைப்பு பற்றி

உங்கள் தம்பிக்கு ஒரு சார்ட்டர் சரக்கு விமான நிறுவனத்தில், அதாவது கால அட்டவணை இல்லாமல் வாடிக்கையாளர் கேட்கும்போது பறக்கும் நிறுவனத்தில், துணை விமானி வேலை கிடைத்திருக்கிறது. பணி நேரம், ஓய்வு நேரம் எல்லாம் சட்டப்படிதான் இருக்கும் என்று நிறுவனம் உறுதி சொல்லியிருக்கிறது. அப்படியிருக்க, களைப்பைப் பற்றி வீட்டில் கவலைப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கவலைப்பட வேண்டும். வேலையை மறுக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நானே 18 ஆண்டுகள் சரக்கு விமானம் ஓட்டியவன், அந்த வேலையை மனதார நேசித்தவன். ஆனால் ‘சட்டப்படி’ என்ற சொல்லில் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. சட்டம் பெரும்பாலும் எண்ணுவது விமானி பணிக்கு வந்த நேரத்திலிருந்து. உடல் எண்ணுவது அவர் கண் விழித்த நேரத்திலிருந்து. இரண்டுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி விழ முடியும் என்பதைத்தான் இந்தப் பதிலில் சொல்லப் பார்க்கிறேன்.

கால அட்டவணைப்படி பறக்கும் சரக்கு நிறுவனத்தில் இரவுப் பணி கடுமையானதுதான். ஆனாலும் அடுத்த வாரம் எந்த இரவு எங்கே இருப்போம் என்று விமானிக்குத் தெரியும். பகலில் எப்போது படுக்கலாம் என்று திட்டமிடலாம். சார்ட்டரில் அந்த வசதி இல்லை. எங்கோ ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் நின்றுபோயிருக்கும், உதிரிபாகம் நாளைக்குள் போய்ச் சேர வேண்டியிருக்கும். எங்கோ வெள்ளம், கூடாரமும் மருந்தும் போக வேண்டியிருக்கும். தொலைபேசி எப்போது வேண்டுமானாலும் ஒலிக்கும்.

ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்ளுங்கள். விமானி காலை 7 மணிக்கு எழுகிறார். அன்று அவர் ஸ்டாண்ட்பை, அதாவது அழைத்தால் பணிக்கு வரத் தயாராக இருக்க வேண்டும். பகல் முழுவதும் அழைப்பு வரவில்லை. பகலில் தூங்க முயன்றாலும் தூக்கம் வராது, முந்தைய இரவு நன்றாகத் தூங்கியவருக்கு எப்படி வரும்? மாலை 6 மணிக்கு அழைப்பு. இரவு 9 மணிக்குப் பணிக்கு வந்து கையெழுத்திடுகிறார். சட்டத்தின் கடிகாரம் அப்போதுதான் ஓடத் தொடங்குகிறது. சரக்கு இன்னும் வரவில்லை. சுங்கத் தாள் ஒன்று குறைகிறது. பிறகு சரக்கை ஏற்றும் லிஃப்ட் பழுதாகிறது. விமானம் கிளம்புவது அதிகாலை 2 மணிக்கு. 6 மணி நேரப் பயணம். காலை 8 மணிக்குத் தரையிறங்கும்போது அவருடைய பணி நேரம் 11 மணி நேரம்தான். பல இடங்களில், அதிகாரி வந்து தாளைப் பார்த்தாலும் குறை சொல்ல மாட்டார். ஆனால் அந்த மனிதர் 25 மணி நேரமாக விழித்திருக்கிறார்.

இந்த 25 மணி நேரத்துக்கு என்ன பொருள் என்பதை 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கையும் கண்ணும் ஒத்துழைக்கும் திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைந்திருந்தது. 24 மணி நேரத்தில் அது ஏறத்தாழ 0.10 சதவீதத்துக்குச் சமமானது. பல நாடுகளில் அந்த அளவுக்குக் குடித்தவரைக் கார் ஓட்டவே விடமாட்டார்கள்.

இதற்கு மேல் இன்னொரு சுமையும் உண்டு. உடலின் உள்கடிகாரம் அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை நம்மை அடிமட்டத்துக்கு இழுத்துச் செல்கிறது. உடல் வெப்பம் தாழ்ந்து, கவனம் சிதறி, எதிர்வினை மெதுவாகும் நேரம் அது. சரக்கு விமானங்கள் மிகுதியாகப் பறப்பதும் அதே நேரத்தில்தான்.

இதெல்லாம் ஆய்வகக் கணக்கு என்று தோன்றினால், குவாண்டனாமோ விபத்தை முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தத் துறையில் இருக்கும் எல்லோரும் படித்தாக வேண்டிய விபத்து அது. 1993 ஆகஸ்ட் 18. அமெரிக்கன் இன்டர்நேஷனல் ஏர்வேஸ் நிறுவனத்தின் டிசி-8 சரக்கு விமானம், விமான எண் 808. கேப்டன், துணை விமானி, ஃபிளைட் இன்ஜினியர் என்று மூவர். இரவெல்லாம் அமெரிக்காவுக்குள் சரக்கு ஏற்றிப் பறந்து, காலையில் அட்லாண்டாவில் இறங்கினார்கள். ஓய்வுக்குப் போக வேண்டிய வேளையில் எதிர்பாராத இன்னொரு பயணம் அவர்கள் தலையில் விழுந்தது. வர்ஜீனியாவில் உள்ள நார்ஃபோக்குக்குப் போய்ச் சரக்கு ஏற்றி, கியூபாவில் இருக்கும் அமெரிக்கக் கடற்படைத் தளமான குவாண்டனாமோவில் இறக்க வேண்டும். இறக்கிவிட்டுக் காலி விமானத்தை அட்லாண்டாவுக்குத் திருப்பிக் கொண்டுவரவும் வேண்டும். அப்படிச் செய்திருந்தால் மொத்தப் பணி நேரம் 24 மணி, பறக்கும் நேரம் 12 மணி. அன்றைய விதி அனுமதித்த உச்சவரம்பு அதுவேதான். ஆக, விதி எதுவும் மீறப்படவில்லை.

குவாண்டனாமோவை நெருங்கும்போது கேப்டன் ஏறத்தாழ 23.5 மணி நேரமாகவும், இன்ஜினியர் 21 மணி நேரமாகவும், துணை விமானி 19 மணி நேரமாகவும் விழித்திருந்தார்கள். அங்கே 10ஆம் ஓடுபாதையில் இறங்குவது எளிதல்ல. ஓடுபாதையின் தொடக்கத்திலிருந்து ஒரு மைல்கூடத் தள்ளாமல் கியூபாவின் எல்லை இருக்கிறது. அதைத் தாண்டாமல், தரைக்கு அருகில், இறுக்கமாக வலப்பக்கம் திரும்பி இறங்க வேண்டும். எதிர்த் திசையில் 28ஆம் ஓடுபாதை இருந்தது, நேராக வந்து இறங்கலாம். அதில்தான் இறங்குவதாக இருந்தார்கள். பிறகு கேப்டன் மனம் மாறி 10ஐக் கேட்டார். எல்லையைக் காட்டும் மின்னும் விளக்கு ஒன்று உண்டு என்று கட்டுப்பாட்டாளர் சொன்னார். அன்று அந்த விளக்கு வேலை செய்யவில்லை, அது அவருக்கும் தெரியாது.

கேப்டன் அந்த விளக்கைத் தேடத் தொடங்கினார். காக்பிட் ஒலிப்பதிவில் அந்தத் தேடல் மீண்டும் மீண்டும் கேட்கிறது. வேகம் குறைகிறது என்று சக விமானிகள் எச்சரிக்கிறார்கள். அவருடைய கவனம் விளக்கை விட்டு நகரவில்லை. திருப்பம் போதவில்லை என்று இன்னும் சாய்க்கிறார், சாய்வு 50 பாகையைத் தாண்டுகிறது. இறக்கைகள் தாங்கும் சக்தியை இழந்து விமானம் ஓடுபாதைக்குக் கால் மைல் முன்பாகத் தரையில் விழுந்து எரிந்தது. முன்பகுதி உடைந்து தனியாகப் பிரிந்ததால் மூவரும் பலத்த காயங்களோடு உயிர் பிழைத்தார்கள்.

நேரம் மாலை 4.56. நல்ல வெளிச்சம், நல்ல வானிலை, விமானத்திலும் கோளாறு இல்லை. களைப்பால் வரும் விபத்து இருளில்தான் நடக்கும் என்று நினைப்பவர்களுக்கு நான் இந்த நேரத்தைத்தான் சொல்வேன். பிற்பகலிலும் உடல் கடிகாரம் ஒரு முறை தாழ்கிறது. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், ஒரு பெரிய விமான விபத்துக்கு விமானிகளின் களைப்பையே காரணமாக எழுதியது இதில்தான் முதல் முறை. மூவரும் பிழைத்ததால், எத்தனை மணி நேரம் தூங்கினார்கள், என்ன உணர்ந்தார்கள் என்று அவர்களிடமே கேட்க முடிந்தது. இறந்தவர்களிடம் அதைக் கேட்க முடியாது. அந்தக் கடைசி நிமிடங்களில் தான் மந்தமாகவும் எதிலும் அக்கறை இல்லாமலும் இருந்ததாகக் கேப்டன் சொன்னார். பயந்ததாகச் சொல்லவில்லை, தூக்கம் வந்ததாகவும் சொல்லவில்லை. அக்கறை போய்விட்டது. களைப்பின் உண்மையான முகம் அதுதான்.

எனக்கு அதை நேரில் தெரியும். சார்ட்டர் பயணம் ஒன்றின் முடிவில், அதிகாலை 4.40 இருக்கும், இறங்குவதற்காகத் தாழ்ந்துகொண்டிருந்தோம். 5,000 அடிக்கு இறங்கும்படி கட்டுப்பாட்டாளர் சொன்னார். ‘5,000’ என்று நான் சரியாகத் திருப்பிச் சொன்னேன். என் கை, உயரத்தை அமைக்கும் குமிழைத் திருகி 3,000இல் வைத்தது. இடப்பக்கம் இருந்த கேப்டன், விதிப்படி, அந்த எண்ணைப் பார்த்துத் தலையசைத்தார். இருவரும் பார்த்தோம், இருவருக்கும் அது 5,000 ஆகவே தெரிந்தது. 5,000ஐக் கடந்து கீழே போகத் தொடங்கியபோது ‘உங்கள் உயரத்தைச் சரிபாருங்கள்’ என்று கட்டுப்பாட்டாளரின் குரல் வந்தது. அந்தக் குரல் வரும்வரை எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கொட்டாவிகூட இல்லை. இதமான ஓர் அமைதிதான் இருந்தது, எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருப்பது போல. அந்த இதம்தான் இன்றைக்கும் என்னை நடுங்க வைக்கிறது. கீழே மலை இல்லை என்பதால் மட்டுமே இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தரையில் இன்ஜினை நிறுத்திய பிறகு பதிவேட்டில் தேதியை எழுத இரண்டு முறை அடித்துத் திருத்தினேன். அன்று நாங்கள் அறிக்கை கொடுக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டும்.

அதனால்தான் ‘களைப்பாக இருந்தால் விமானியே சொல்லிவிடுவாரே’ என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. தூக்கமில்லாத மூளை முதலில் இழப்பது தன்னைத் தானே எடைபோடும் திறனை. நள்ளிரவில் ‘நன்றாக இருக்கிறேன்’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை, அவரிடம் இருக்கும் அளவுகோலே கெட்டுவிட்டது. முடிவை, அளவுகோல் கெடாத நேரத்தில், கிளம்புவதற்கு முன்பே எடுத்தாக வேண்டும்.

அடுத்து ஹாலிஃபாக்ஸ். 2004 அக்டோபர் 14, கனடா. எம்கே ஏர்லைன்ஸின் போயிங் 747 சரக்கு விமானம். லக்சம்பர்க்கில் தொடங்கி, அமெரிக்காவின் பிராட்லி விமான நிலையம் வழியாக ஹாலிஃபாக்ஸ் வந்து, சரக்கு ஏற்றிக்கொண்டு ஸ்பெயினின் சரகோசாவுக்குக் கிளம்பியது. உள்ளூர் நேரம் அதிகாலை 4 மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. விமானிகள் பணியில் ஏறத்தாழ 19 மணி நேரம் இருந்துவிட்டார்கள். முந்தைய தாமதங்களால், சரகோசாவுக்குப் பிறகு கடைசியாக லக்சம்பர்க் போய்ச் சேரும்போது அது ஏறத்தாழ 30 மணி நேரத்தைத் தொட்டிருக்கும். புறப்படுவதற்கான வேகத்தையும் உந்துவிசையையும் மடிக்கணினியில் கணக்கிட்டார்கள். உண்மையான எடை 353,000 கிலோ. கணக்குக்குள் போனது முந்தைய நிலையமான பிராட்லியில் இருந்த 240,000 கிலோ. 113 டன் குறைவு! விமானம் எழும்ப மறுத்து, வால் ஓடுபாதையில் உரசி, ஓடுபாதைக்கு அப்பால் ஒரு கருவியின் ஆன்டெனா நின்ற மண்மேட்டில் மோதியது. விமானத்தில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள்.

விழித்த மனிதர் ஒருவர் அந்த எண்ணைப் பார்த்திருந்தால் பிடித்திருப்பார். சரக்கு நிரம்பிய 747க்கு இவ்வளவு குறைந்த வேகம் போதுமா என்று எந்த அனுபவசாலிக்கும் உறுத்தும். அந்த உறுத்தல்தான் களைப்பில் மங்கிவிடுகிறது. விமானி அறையில் ஒருவர் செய்வதை இன்னொருவர் சரிபார்க்கும் முறை, இருவரில் ஒருவராவது விழிப்போடு இருப்பார் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது. சார்ட்டரில் இருவரும் ஒரே அறையில் காத்திருந்து, ஒரே தாமதத்தில் வெந்து, ஒரே நேரத்தில் தளர்கிறார்கள்.

விதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள விதிகள் பயணிகள் விமானத்தையும் சரக்கு விமானத்தையும், அட்டவணைப் பயணத்தையும் சார்ட்டரையும் ஒரே தட்டில் வைக்கின்றன: 7 நாட்களில் 60 மணி நேரப் பணி, 28 நாட்களில் 100 மணி நேரப் பறப்பு என்று வரம்புகள் உண்டு. அமெரிக்காவில் 2009இல் பஃபலோ நகருக்கு அருகே ஒரு பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகு, தூக்க அறிவியலை வைத்துப் புதிய விதிகள் எழுதினார்கள். 2014 ஜனவரியில் அவை நடைமுறைக்கு வந்தன. சரக்கு விமானிகளை மட்டும் அதிலிருந்து விலக்கிவிட்டார்கள். காரணம், செலவுக்கு ஏற்ற பலன் இல்லை என்ற கணக்கு. அதே வானம், அதே ஓடுபாதை, அதே மனித உடல். பின்னால் இருப்பது பெட்டியா ஆளா என்று பார்த்து விமானியின் மூளை தளர்வதில்லை. இந்த விலக்கை நான் எந்தக் காலத்திலும் நியாயம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்த விதிகள் நடைமுறைக்கு வரச் சில மாதங்களே இருந்தபோது, 2013 ஆகஸ்ட் 14 அதிகாலை, அலபாமாவின் பர்மிங்ஹாமில் யுபிஎஸ் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ300 சரக்கு விமானம் ஓடுபாதைக்கு முன்பே தரையில் மோதி இரு விமானிகளும் இறந்தார்கள். அது சார்ட்டர் அல்ல, அட்டவணைப் பயணம். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சரக்கு விமானிகளை விலக்கிய விதியைப் பற்றி அந்த இருவரும் விமானி அறையில் பேசிக்கொண்டது ஒலிப்பதிவில் இருக்கிறது. அதே சமயம், துணை விமானிக்குக் கிடைத்த ஓய்வு நேரத்தை அவர் தூங்குவதற்கு முழுதாகப் பயன்படுத்தவில்லை என்றும் விசாரணை சொன்னது. விதி தருவது தூங்குவதற்கான வாய்ப்பை மட்டுமே. தூங்க வேண்டியது விமானி. இதை உங்கள் தம்பியிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சார்ட்டருக்கே உரிய இரண்டு ஓட்டைகளையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, காலி விமானத்தை நகர்த்தும் பயணம். சரக்கு இல்லை, வருமானம் இல்லை என்பதால் சில நாடுகளின் விதிகளில் அது தளர்வான பிரிவில் வந்திருக்கிறது. 1995 பிப்ரவரி 16 அன்று கான்சாஸ் சிட்டியில், ஒரு இன்ஜின் பழுதான டிசி-8 சரக்கு விமானத்தை மீதி மூன்று இன்ஜின்களோடு காலியாக எடுத்துச் செல்ல முயன்று மூன்று பேர் இறந்தார்கள். ஐரோப்பா போய்வந்த கடினமான பயணத்துக்குப் பிறகு குறைந்த ஓய்வோடு வந்தவர்கள் அவர்கள். அவ்வளவு நுட்பம் வேண்டிய ஒரு புறப்பாட்டுக்கு, வழக்கமான ஓய்வு விதி பொருந்தாது என்ற நிலை இருந்தது. இரண்டாவது, கேப்டனின் விருப்புரிமை. எதிர்பாராத தாமதம் வந்தால் பணி நேரத்தைச் சிறிது நீட்டிக்கக் கேப்டனுக்கு உரிமை உண்டு. ஐரோப்பிய விதியில் வழக்கமான குழுவுக்கு 2 மணி நேரம் வரை. அது ஆபத்துக்கு உதவும் கதவு. சில நிறுவனங்களில் அது அன்றாட வாசலாகிவிடுகிறது. அந்த 2 மணி நேரத்தைச் சேர்த்தே பயணத்தை விற்றுவிடுகிறார்கள். ஒரு மாதத்தில் எத்தனை முறை அந்த உரிமை பயன்பட்டது என்ற ஓர் எண்ணே ஒரு நிறுவனத்தின் குணத்தைச் சொல்லிவிடும்.

விமானத்தில் தூங்குவது பற்றியும் கேட்பீர்கள். நீண்ட பயணங்களில் மூன்று அல்லது நான்கு விமானிகள் இருப்பார்கள், முறை வைத்துப் படுக்கலாம். படுக்கை எப்படிப்பட்டது என்பது முக்கியம். கதவடைத்த அறையில் தட்டையாகப் படுப்பதும், சாய்வு நாற்காலியில் கண்மூடுவதும் ஒன்றல்ல. இரண்டே விமானிகள் இருக்கும்போது, பறக்கும் நடுவில், முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ஒருவர் இருக்கையிலேயே சிறிது தூங்கும் முறையும் உண்டு. நாசா ஆய்வாளர்கள் இதற்கு 40 நிமிட வாய்ப்பைக் கொடுத்துப் பார்த்தபோது விமானிகள் சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள், இறங்கும் கட்டத்தில் அவர்களின் விழிப்பு தெளிவாகக் கூடியிருந்தது. பல நாடுகள் இதை அனுமதிக்கின்றன, அமெரிக்கா அனுமதிக்கவில்லை. ஆனால் எழுந்தவுடன் கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கக் கூடாது. தூக்கத்தின் மந்தம் தெளியச் சற்று நேரம் பிடிக்கும், ஆழ்ந்து தூங்கியிருந்தால் இன்னும் அதிகம். 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேர் இறந்த பயணிகள் விமான விபத்தில், கேப்டன் வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் தூங்கியிருந்தார், குறட்டை ஒலிப்பதிவில் கேட்டது. விழித்ததும் தெளியாத மூளையோடு எடுத்த முடிவுகளை விசாரணை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

தம்பி என்ன செய்யலாம்? ஸ்டாண்ட்பை நாளில் மாலை அழைப்பு வரக்கூடும் என்றால், பிற்பகல் 2 மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரமாவது படுக்கட்டும். தூக்கம் வராவிட்டாலும் இருட்டறையில் படுக்கட்டும். ஹோட்டலில் பகலில் தூங்கும்போது லிஃப்டுக்கும் படிக்கட்டுக்கும் தள்ளிய அறையைக் கேட்டு வாங்கட்டும். திரைச்சீலையின் நடுவில் ஒளி வந்தால், உடைகள் மாட்டும் ஹேங்கரின் கிளிப்பைக் கழற்றித் திரையை ஒன்றாகச் சேர்த்துக் கவ்விவிடலாம், எனக்குப் பல ஆண்டுகள் சோறு போட்டது அந்தக் கிளிப். காபி வேலை செய்ய ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். இறங்கும் கட்டத்துக்கு முன்பு குடிப்பதில் பலன் உண்டு, கிளம்பியவுடன் குவளை குவளையாகக் குடித்தால், போய்ச் சேர்ந்த பிறகு வர வேண்டிய தூக்கமும் போய்விடும்.

கிளம்புவதற்கு முன் எரிபொருள், வானிலை எல்லாம் பேசும்போது கேப்டனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கப் பழகட்டும்: ‘சார், இன்றைக்கு எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? நான் 7 மணிக்கு.’ தன் நேரத்தைச் சேர்த்தே சொல்லும்போது அது விசாரணையாக ஒலிக்காது. நல்ல கேப்டன்கள் அதை வரவேற்பார்கள். அவரவர் அதுவரை விழித்திருந்த நேரத்தோடு பயண நேரத்தைக் கூட்டிப் பார்த்தால், இறங்கும்போது எந்த நிலையில் இருப்போம் என்று தரையிலேயே தெரிந்துவிடும். அந்த எண் 20ஐத் தாண்டினால் பேச வேண்டிய விஷயம் வேறு. இந்த 20 சட்டத்தில் இல்லை, நான் எனக்காக வைத்துக்கொண்ட கோடு.

அந்தக் கோட்டை வைத்து நான் பயணத்தை மறுத்திருக்கிறேன். முதல் முறை கை வியர்த்தது. சரக்கு ஏற்றி முடித்துவிட்டார்கள், வாடிக்கையாளர் காத்திருக்கிறார், மாற்று ஆள் வர 9 மணி நேரம் ஆகும் என்றார்கள். ‘நான் களைத்திருக்கிறேன், பறக்கும் தகுதியில் இல்லை’ என்று மட்டும் சொன்னேன். விளக்கம் கொடுக்கத் தொடங்கினால் பேரம் தொடங்கிவிடும் என்று ஒரு மூத்த கேப்டன் சொல்லிக் கொடுத்திருந்தார். மறுமுனையில் இருந்தவர் சில நொடிகள் பேசவில்லை. பிறகு, ‘சரி, போய்த் தூங்குங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றார். அவர் முன்பு விமானியாக இருந்தவர். அங்கே விற்பனைப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் இருந்திருந்தால் அந்த உரையாடல் எப்படிப் போயிருக்கும் என்று பலமுறை நினைத்ததுண்டு.

எனவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், சம்பளம் பறக்கும் மணிக்கா மாதத்துக்கா, களைப்பால் மறுத்த பயணத்துக்குப் பணம் பிடிப்பார்களா என்பவற்றோடு இதையும் தம்பி கேட்கட்டும்: அதிகாலை 2 மணிக்கு ‘என்னால் பறக்க முடியாது’ என்று அழைத்தால், தொலைபேசியை எடுப்பவர் யார், அவர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர்?